பழுப்புத் தொட்டியும் உட்காரத் தெரியாத மனுஷனும்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் எங்களுக்கே அது ஞாபகம் வரும். மற்றபடி உலகம் முழுக்க அவர் பம்பரம்தான்.

சிலருக்குக் காலில் சக்கரம் என்பார்கள். இவருக்கு அந்தச் சக்கரத்துக்கே கால் வலிக்கும். பல் தேய்த்துக்கொண்டே மூன்று மாடி ஏறி இறங்குவார். சாப்பிடும்போது ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஜன்னல் வரை போய் வந்துவிடுவார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எங்கள் அக்கா பளிச்சென்று உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை புகை மாதிரி கலைந்திருக்கும். அதுதான் மாப்பிள்ளை. போட்டோ எடுத்தவர் அன்றோடு தொழிலையே விட்டுவிட்டார் என்று கேள்வி.

இப்படிப்பட்டவருக்கு எந்த வேலை நிலைக்கும்? காவலாளி வேலைக்குப் போனார். வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நாற்காலி மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தது. இவர் தெருக்கோடியில் யாருடைய வண்டியையோ தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார். தையல் கடைக்குப் போனார். எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் ஒரே சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுன்ட்டர். கூண்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து, வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் டிக்கெட்டைத் திணித்துக்கொண்டே போனார். இப்படிப் பதினோரு வேலை. பன்னிரண்டாவதுதான் தொட்டி.

நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் குடியிருப்பில் நாலு கட்டடம், நூற்று நாற்பது வீடு. அத்தனை வீட்டுக் குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தண்ணீரும் தரைக்குக் கீழே இருக்கிற தொட்டிக்குத்தான் வந்து சேரும். அதைச் சுத்தம் பண்ணி, செடிக்கும் கழிப்பறை ஃப்ளஷுக்கும் மேலே அனுப்புவார்கள். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும் நான் மாமாவைக் கூட்டி வந்து நிறுத்தினேன். எட்டிப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர் முழுக்கக் காற்றுக்குமிழி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடி நிற்கவில்லை, ராத்திரி பகல் கிடையாது.

"மாப்ள, இது என் ஜாதிடா. உக்காரவே மாட்டேங்குது பாரு!" என்றார். அன்றைக்கே சேர்ந்துவிட்டார். ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கீழ்த்தளத்தில் அவர் நடந்த நடையை எல்லாம் ஒரே கயிறாக முறுக்கினால் நிலாவில் துணி காயப்போடலாம்.

தொட்டி வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடந்தது புரியும். முதல் தொட்டியில் ப்ளோயர் மெஷின் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அங்கே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருந்துகொண்டு நம் அழுக்கைத் தின்னும். அடுத்தது அமைதியான தொட்டி. அங்கே பழுப்பெல்லாம் அடியில் படிய, மேலே தெளிந்த தண்ணீர் வழிந்து போகும். அடியில் படிந்த பழுப்பை ஒரு பம்ப் எடுத்து மறுபடியும் முதல் தொட்டிக்கே அனுப்பும். ஒரு வால்வைத் திறந்தால் மட்டும் அந்தப் பழுப்பு பின்பக்க மணல் படுக்கைக்குப் போய்க் காய்ந்து, தோட்டக்காரருக்கு உரமாகும். 'வால்வு: தினம் அரை மணி நேரம்' என்று கம்பெனியிலிருந்து வரும் கெமிஸ்ட் பெண் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். ஏன் அரை மணி என்று மாமா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாமாவுக்கு ஒரே பெண். ஒன்பதாவது படிக்கிறாள். வாயைத் திறந்தால் எதிராளி ஜாமீன் கேட்க வேண்டியதுதான். அதனால் அவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். அவள் பள்ளியில் சூழலியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சூழல் மண்டலத்துக்கு உதாரணம் சொல்லுங்கள் என்று அறிவியல் டீச்சர் கேட்டிருக்கிறார். ஒருத்தி காடு என்றாள், ஒருத்தி குளம் என்றாள், ஒருத்தி கடல் என்று பெரிதாகவே போட்டாள். நம் வக்கீல் எழுந்து, "எங்க அப்பா தொட்டி" என்றிருக்கிறாள்.

வகுப்பே சிரித்துவிட்டது. பின் பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி, "கக்கூஸ் தொட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், இவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஆமா, அதேதான். உங்க கடலைவிட அதுல கூட்டம் அதிகம். மணி மாதிரி ஒரு உயிர் இருக்கு. ஒரு காம்பு மேல உக்காந்திருக்கும், தொட்டா ஸ்பிரிங் மாதிரி சுருங்கும். வந்து பாரு, எங்க அப்பா காட்டுவாரு."

மணியை அவள் நிஜமாகவே பார்த்திருந்தாள். கெமிஸ்ட் பெண் ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் காட்டியிருந்தாள். டீச்சர் சும்மா இருப்பாரா? "நல்ல யோசனை. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போவோம். மைக்ரோஸ்கோப்பை நான் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் வக்கீல் வந்து செய்தியைச் சொன்னதும் மாமாவுக்குக் கை கால் ஓடவில்லை என்று எழுதினால் பொய். ஓடியது, நாலு பேருடைய கை கால் சேர்ந்து ஓடியது. என்னை இழுத்துக்கொண்டு கீழே போனார். தொட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று வந்தார்.

"மாப்ள, முப்பது பொம்பளப் பசங்க வருதுங்க. என் பொண்ணு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கா. இந்தக் கண்றாவிய எப்படிடா காட்டுறது? பாரு, சேறு மாதிரி கொதிக்குது."

"எப்பவும் இப்படித்தான மாமா இருக்கு?"

"எப்பவும் யாரு வந்தா? வீட்டுக்கு ஆளு வந்தா பெருக்கித் தொடைக்க மாட்ட? அந்த உயிருங்க போட்ட அழுக்குதான இந்தப் பழுப்பு. அதை எடுத்துட்டா உள்ள நீந்துறதெல்லாம் பளிச்சுனு தெரியும்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிற மாதிரிதானே? சனிக்கிழமை காலையில் மாமா வால்வைத் திறந்தார். அரை மணி ஆனது. மூடவில்லை. மத்தியானம் ஆனது. மூடவில்லை. இன்னும் வேகமாகப் போகட்டும் என்று நானே ஒரு பம்ப்புக்குத் தனியாக ஒயர் இழுத்துக் கொடுத்தேன். கேஸ் என்று வந்தால் நான்தான் இரண்டாம் குற்றவாளி. ஞாயிறு மத்தியானத்துக்குள் பழுப்பெல்லாம் மணல் படுக்கைக்குப் போய், வெயிலில் காய்ந்து, அப்பளமாக நொறுங்கியது. தோட்டக்காரர் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போனார்.

"என்ன பம்பரம், இன்னிக்கி வள்ளலாயிட்ட? ஒரு வருஷத்து உரத்த ஒரே நாள்ல தர்ற?"

"எல்லாம் எம்பொண்ணு கல்யாணம் மாதிரி ஒரு விசேஷம்" என்று மாமா சொல்லிக்கொண்டே, நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டித் தொட்டிச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் வெளுத்துவிட்டது. ஆனால் தெளியவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி, மேலே வெள்ளை நுரை மிதந்தது. மாமா வழக்கமாகப் பண்ணும் சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, அரை மணி கழித்து அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்த அரை மணியும் உட்கார முடியாமல் நாலு கட்டடத்தையும் சுற்றி வருவார். எப்பவும் முந்நூறு கோட்டில் பழுப்பு நிற்கும், மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அன்றைக்கு அடியில் முப்பது கோடுகூட இல்லை. மேலேயும் கலங்கல்.

"சோர்ந்து போயிருக்குங்க மாப்ள. பசி."

லீவு நாட்களில் வீடுகள் காலியாகித் தண்ணீர் வரத்து குறைந்தால், தொட்டியில் இருக்கிறவை பட்டினி கிடக்கக் கூடாது என்று கொஞ்சம் வெல்லம் கரைத்து ஊற்றுவது வழக்கம். மாமா ஒரு டின் வெல்லத்தையும் கரைத்து ஊற்றினார். நெஞ்சு பொறுக்கவில்லை. இன்னொரு டின்னையும் ஊற்றினார்.

திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்கு வந்தபோது கீழ்த்தளத்தில் கார்கள் இல்லை. மேகம்தான் இருந்தது. நுரை தொட்டியை விட்டு ஏறி, படி வழியாக வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தை ரொப்பியிருந்தது. மூன்றாம் மாடி சார் தன் காரைக் கண்டுபிடிக்க ரிமோட்டை அழுத்தி அழுத்திச் சத்தம் வரும் திசையில் கையை நீட்டிக்கொண்டு நடந்தார். நாற்றம் வேறு. நல்ல தொட்டிக்கு மழை பெய்த மண் வாசனை இருக்கும். இது அழுகின முட்டை ஆயிரத்தை ஒரே அறையில் போட்டுப் பூட்டின மாதிரி இருந்தது. நாலாம் மாடியில் ஒருவர் மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு பல் தேய்த்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாமா முழங்கால் அளவு நுரையில் நின்றுகொண்டு வாளியால் நுரையை அள்ளி நுரை மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பள்ளி விட்டு வந்த வக்கீல் பையைக்கூட இறக்காமல் நேராகக் கீழே வந்தாள். ஜாடியில் தண்ணீரை மொண்டாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, எல்லாம் எங்க?"

"எது?"

"பழுப்பு."

"தொடைச்சுட்டேம்மா. உன் கூட்டாளிங்க வர்றாங்கன்னு. அழுக்கா இருந்துச்சுல்ல..."

வக்கீல் ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது அழுக்கு இல்லப்பா. அதுதான் அவங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கொத்துக் கொத்தா, அந்தப் பழுப்பே உயிருதான். சிதைக்கிறவங்கன்னு பாடத்துல படம் போட்டிருக்கு. அவங்க இல்லன்னா உலகத்துல செத்தது எதுவும் மக்காது. நீங்க மொத்த ஊரையும் வாரி வெயில்ல போட்டுட்டீங்க."

மாமாவைப் பேயறைந்த மாதிரி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதும் கால் நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே தாளம் போட்டது. தோட்டத்துப் பக்கம் ஓடினார். நானும் ஓடினேன். தோட்டக்காரர் உரத்தை எல்லாச் செடிக்கும் போட்டு மண்ணைக் கொத்தி மூடியிருந்தார்.

"திருப்பிக் குடுக்குறதா? ரோஜாகிட்டக் கேட்டுக்கோ" என்றார்.

வீட்டில் அக்கா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "ஏங்க, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கைய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாது? வெள்ளிக்கிழமை அந்தப் புள்ள மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கும்?"

வக்கீல் சாப்பிடவில்லை. "நான் பொய் சொன்னேன்னு ஆயிடும் மாமா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "தொட்டிய மட்டும் இல்ல, அப்பாவையும் சேத்து சிரிப்பாங்க."

அது மாமா காதில் விழுந்துவிட்டது. அடுத்த நிமிஷம் வாசலில் செருப்பைக் காணோம். ஒரு செருப்பு அவருடையது, இன்னொன்று என்னுடையது. இரண்டும் இடது கால்.

அடுத்த தெருக் குடியிருப்பில் இன்னொரு தொட்டி உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவருக்கு ஊரில் சாமியார் என்று பெயர். காவி எல்லாம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், கண் மூடி, கை மடியில். கொசுகூட அவரைச் சிலை என்று நினைத்துக் கடிக்காமல் போகும். மாமாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "அது மனுஷனா, மூட்டையா?" என்று ஆறு வருஷமாகக் கேலி பண்ணியிருக்கிறார். இப்போது அந்த மூட்டை முன்னால் போய் நின்றார், அதாவது முன்னும் பின்னும் நடந்தார்.

சாமியார் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நுரை எங்க தெருவரைக்கும் தெரியுது பம்பரம். வால்வா?"

"வால்வுதாண்ணே. பழுப்பு மொத்தமும் போச்சு. அதான் ரெண்டு டின் வெல்லம் ஊத்தினேன், தெம்பா இருக்கட்டும்னு."

சாமியார் இரண்டாவது கண்ணையும் திறந்துவிட்டார். அது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற விஷயம்.

"வெல்லமா? யோவ், நூத்து நாப்பது வீட்டுச் சாப்பாடு தினம் வந்து கொட்டுது. திங்க ஆளில்ல. இருக்குறது பத்துப் பேரு, அவனுக்குப் போய் ஊரு விருந்து வெச்சிருக்க. மிஞ்சினது அழுகும், அழுகினது காத்தைத் திங்கும், காத்து இல்லன்னா இருக்குற பத்துப் பேரும் மூச்சு முட்டிச் சாவான். சாப்பாடு கம்மின்னு ஒண்ணும் சாகல உன் தொட்டி."

"இப்ப என்னண்ணே பண்றது?"

"என் தொட்டியிலேருந்து பழுப்பு எடுத்துட்டுப் போ. நல்லா கெட்டியா அடியிலேருந்து எடு. அதைக் கொண்டுபோய் ஊத்து. காத்த நிறுத்தாத. வால்வைத் தொடாத. வெல்லத்த மறந்துடு. தின்னு தின்னு அவங்களே பெருகுவாங்க. அப்புறம் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு."

"என்னது?"

"உக்காரு."

மாமா முகம் சுருங்கிவிட்டது. கிணற்றில் குதி என்றிருந்தால் ஆழம்கூடக் கேட்காமல் குதித்திருப்பார்.

லோடு ஆட்டோவில் பன்னிரண்டு டிரம் பழுப்பு. அன்றைக்கே இரண்டு நடை அடித்தோம். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் மாமா டிரம்முக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்கப்பா, வீடு வந்துடுச்சு." தொட்டியில் ஊற்றியதும் அந்த வெள்ளைத் தண்ணீர் பாலில் நாலு சொட்டுத் தேநீர் விட்ட நிறத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வக்கீல் ஒரு காரியம் பண்ணினாள். வால்வின் சக்கரக் கைப்பிடியை ஸ்பானர் போட்டுக் கழற்றி, புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்த வெல்லத்தை அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வக்கீல் போகும்போது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போட்டுவிட்டுப் போனாள்.

"உக்காருங்கப்பா."

"உக்கார்றேம்மா."

உட்கார்ந்தார். நான் மணி பார்த்தேன். பதினேழு நொடி. எழுந்து ப்ளோயரைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்தார். நுரையை எட்டிப் பார்த்தார். வால்வுக்குப் போனார். மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அதை விரலால் திருகிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, உன்கிட்ட பெரிய ப்ளையர் இருக்குல்ல?"

"இல்ல மாமா."

"இடுப்புல தொங்குது!"

"அது ப்ளையர் மாதிரி இருக்கிற வேற ஒண்ணு."

அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாமா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜாடியில் மொள்வார். "ஒரு தடவ மொண்டா போதும்ப்பா" என்று வக்கீல் கத்துவாள். கத்திவிட்டு அவளே போய் மொள்வாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோட்டைப் பார்ப்பார்கள். செவ்வாய், எழுபது. புதன், நூறு. புதன் சாயங்காலம் நாற்றம் தணிந்தது. வியாழன், நூற்று நாற்பது. வக்கீல் நோட்டில் கோடு போட்டுப் புள்ளி வைத்தாள். புள்ளிகள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. ஆனால் முந்நூறு எங்கே, வெள்ளிக்கிழமை எங்கே? அவள் நகத்தைக் கடித்த கடியில் பத்து விரலும் ஒன்பதரையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. முப்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். பாதிப் படியில் மூக்கை விட்டார்கள், ஏனென்றால் நாற்றம் இல்லை. தொட்டியில் நுரை ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் இருந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். நின்றார் என்றால், ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடினார். பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தார். வாயைத் திறந்ததும் அதில் ஒரு வரியும் வரவில்லை.

"பசங்களா, போன வாரம் வந்திருந்தா இது காப்பி மாதிரி பழுப்பா இருந்திருக்கும். நீங்க வர்றீங்கன்னு நான் சுத்தம் பண்ணிட்டேன். பழுப்புதான் உயிருன்னு எனக்குத் தெரியல. ஆறு வருஷமா வளத்தவங்கள ரெண்டு நாள்ல வெளிய அனுப்பிட்டேன். அப்புறம் பக்கத்துத் தொட்டியிலேருந்து கடன் வாங்கி ஊத்தினேன். இப்பத்தான் வந்துட்டிருக்காங்க. எம்பொண்ணு சொன்னது பொய்யில்ல. நான்தான் கெடுத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் மேஜையில் மைக்ரோஸ்கோப்பை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் தகட்டில் விட்டார். ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். "ஐயோ, ஓடுது!" "டீச்சர், இது ஒண்ணு இடிச்சுட்டுப் போகுது!" "நிக்கவே மாட்டேங்குது!" ரெட்டைச் சடையின் முறை வந்தது. நிதானமாகப் பார்த்தாள். தலையைத் தூக்கினாள்.

"எல்லாம் ஓடிட்டுதான் இருக்கு. மணி எங்க?"

டீச்சர் இரண்டாவது சொட்டு எடுத்தார். மூன்றாவது எடுத்தார். ஐந்தாவதிலும் ஓட்டம்தான். காம்பும் இல்லை, மணியும் இல்லை. மாமா ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார், அதுவே பார்க்கப் பயமாக இருந்தது.

வக்கீல் வந்து குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது பழைய வக்கீலாகியிருந்தாள்.

"மணி இல்ல. இருக்காது" என்றாள். "டீச்சர், இந்த ஓடுறதுங்களுக்கு நிறைய சாப்பாடு வேணும்ல? ஓடணும்னா தெம்பு செலவாகும்."

"ஆமா."

"இப்ப சாப்பாடு கொட்டிக் கெடக்கு, திங்க ஆளு கம்மி. அதான் ஓடுறவங்க முதல்ல வந்திருக்காங்க. இவங்க தின்னு தீத்து, சாப்பாடு குறைஞ்சா, இவ்வளவு ஓட்டம் இவங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. அப்பத்தான் உக்காந்த இடத்துல கொஞ்சமா குடிக்கிற மணி ஜெயிக்கும்." நோட்டைத் திறந்து புள்ளி வைத்த பக்கத்தை மேஜையில் வைத்தாள். "செவ்வாய் எழுபது, புதன் நூறு, நேத்து நூத்தி நாப்பது. ஏறுது. மணி இன்னும் குடி வரல. வரும்."

டீச்சர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான் அடுத்த மாசம் நடத்த வெச்சிருந்த பாடம். ஒரு கூட்டம் இடத்தத் தயார் பண்ணும், அடுத்த கூட்டம் வரும். தொட்டி நல்லா இருந்திருந்தா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

ரெட்டைச் சடை விடவில்லை. "எப்ப வரும்?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார். "நான் உக்காந்தா வரும்மா. அதான் கஷ்டம்."

இப்போது முப்பது பேரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தாள். அது போன வாரத்துச் சிரிப்பு இல்லை என்று எலக்ட்ரீஷியனுக்கே தெரிந்தது. டீச்சர், புதன்கிழமை திருப்பிக் கொண்டு வந்தால் போதும் என்று மைக்ரோஸ்கோப்பை வக்கீலிடமே விட்டுவிட்டுப் போனார். ரெட்டைச் சடை படி ஏறும்போது திரும்பி, "நான் செவ்வாய்க்கிழமை வருவேன்" என்றாள். மிரட்டலா நட்பா, கண்டுபிடிக்க முடியவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள். மாமா ஜாடியைச் சுற்றிய சுற்றில் தரை ஒரு அங்குலம் தேய்ந்துவிட்டது. ஆனால் எதையும் தொடவில்லை. கை இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். பைக்குள் கை பரபரத்ததில் ஒரு பை கிழிந்து போனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெட்டைச் சடை சொன்ன மாதிரியே வந்தாள். ஜாடியில் இருநூற்று முப்பது. தண்ணீர் பழுப்பாகி, மண் வாசனை வர ஆரம்பித்திருந்தது. இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிக் குனிந்தார்கள். முதல் சொட்டில் ஓட்டம் குறைந்திருந்தது. இரண்டாவது சொட்டு. மூன்றாவதில் ரெட்டைச் சடை வீல் என்று கத்தினாள். நான் ஷாக் அடித்துவிட்டதென்று மெயினை அணைக்க ஓடினேன்.

"சுருங்குச்சு! ஏய், சுருங்குச்சுடி! ஸ்பிரிங் மாதிரியே!"

வக்கீல் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பையைத் திறந்தாள். வால்வுச் சக்கரத்தை எடுத்து அப்பா கையில் வைத்தாள். ஒரு வாரமாக அதைச் சுமந்து தோளில் தடம் விழுந்திருந்தது.

"அரை மணிதான்ப்பா."

"அரை மணிதாம்மா."

"இப்ப பாருங்க. அசையாம பாக்கணும், மேஜை ஆடினா தெரியாது."

மாமா குனிந்தார். ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆறு வருஷமாகத் தன் வீட்டில் குடியிருந்தவரை முதல் தடவையாக முகம் பார்க்கிறார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். இரண்டு. நாலு நிமிஷம் ஆனது. சத்தியமாக நாலு நிமிஷம். அக்காவுக்கு போன் போட்டு, போட்டோக்காரரைக் கூப்பிடு, இப்போது எடுத்தால் மாப்பிள்ளை தெளிவாக விழுவார் என்று சொல்லலாமா என்றிருந்தது.

அப்புறம் மேஜைக்குக் கீழே பார்த்தேன். வலது பாதம் மட்டும் பரபரவென்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.